இடது குதிகால்

ஜூலை 26
முகாம் விடுதி, அறை 214, விஸ்கான்சின்

டெல்ஃபீனுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன். முகாம் முடியும்வரை என் ஃபோன் அணைந்தேதான் இருக்கும். ஒன்பது வருடமாக அப்படித்தான், நம் சண்டைக்காகச் செய்தது இல்லை. ஆனால் இந்த முறை அணைத்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் படுக்கும் கட்டில். கணுக்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்குகிறது. அறைத்தோழன் பெயர் ஒடேரியஸ். ஜார்ஜியாக்காரன், இருபத்திரண்டு வயது, கார்னர் ஆடுபவன். அதாவது என் இடத்துக்கே வந்திருக்கிறான். பை வைத்த கையோடு, "சார், நான் எட்டாங்கிளாஸ் படிக்கும்போது நீங்க ஆடுறத டிவில பாத்திருக்கேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கேட்டதும் எனக்கு வலது முழங்கால் வலித்தது.

இந்த ஃபுட்பால் முகாமுக்குத் தொண்ணூறு பேர் வந்திருக்கிறோம். ஆகஸ்ட் 31 அன்று ஐம்பத்து மூன்று பேர் மிஞ்சுவோம். கார்னருக்கு ஐந்து பேரை வைத்துக்கொள்வார்கள். இன்றைய நிலவரத்தில் நான் ஆறாவது. அன்று காலை சாம்பல் நிறச் சட்டைக்காரர் ஒருவர் அறை அறையாக வருவார். "கோச் கூப்பிடுறாரு" என்று மட்டும் சொன்னால் பயமில்லை. "பிளேபுக்கையும் எடுத்துட்டு வாங்க" என்று சேர்த்துச் சொன்னால், ஆட்டத் திட்டப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம். இந்த வயதில் எனக்கு இன்னொரு முகாம் கிடைக்காது, அது உனக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் பெண்மணி நேற்று என்னிடம், "நீ என்னப்பா ஆடுற?" என்று கேட்டார்.

"கார்னரும்மா. எதிர்ல ஓடி வர்றவனப் பாத்துக்கிட்டே பின்னால ஓடுவேன். அவன் எந்தப் பக்கம் திரும்புறானோ அந்தப் பக்கம் நானும் அதே நொடில திரும்பணும். அவன் கையில பந்து விழக் கூடாது."

"இத்தன வயசுலயா?" என்றவர், தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தார்.

நேற்று கூம்பு ஓட்டம். ஐந்து கஜம் வலப்பக்கம், அங்கே வைத்த கூம்பைத் தொட்டுத் திரும்பிப் பத்து கஜம், மறுபடி ஐந்து. எனக்கு நான்கு வினாடி பதினான்கு. கோச் ஸ்டாண்டிஃபர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். "முப்பத்தோரு வயசு, வெட்டித் தச்ச காலு. உன்ன யாருய்யா தயார் பண்ணது?" என்றார். "என் பொண்டாட்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கிளம்பிய அன்று சமையலறையில் "போகாத" என்றாய். ஏன் என்று மூன்று முறை கேட்டேன். பள்ளிக்கூடத்து லெட்பெட்டர் எனக்குக் கோச் வேலை தருகிறார் என்று ஏதோ சொன்னாய். அது காரணம் இல்லை என்று உன் முகத்திலேயே எழுதியிருந்தது. வெட்டித் தைத்த இந்தக் காலை நீ நம்பவில்லை. ஆறு மாதம் தினமும் காலையில் எனக்கு எதிரே நின்று இடம், வலம் என்று கை காட்டியவள் நீ. உனக்கே நம்பிக்கை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்?

நான்கு வினாடி பதினான்கு. எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்.

ஜார்விஸ்


ஜூலை 31
பிரிச்சர்ட், அலபாமா

ஃபோனை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் மகராசனுக்கு,

ஒட்டிவிட்டேன். பல் டாக்டர் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் உன் நான்கு வினாடி பதினான்கு என்னை முறைக்கிறது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளி திறக்கப்போவதால் பஸ்களை எல்லாம் வரிசையில் நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். நான் ஓட்டும் பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்குப் பிரேக் மாற்றினார்கள். மெக்கானிக்கிடம், "நிக்கிறது ஒழுங்கா இருந்தாத்தான் திரும்புறது ஒழுங்கா இருக்கும், பாத்துச் செய்யி" என்றேன். உன்னிடம் எத்தனை முறை சொன்னேன் அதை. வேகத்தை அடக்காமல் வளைத்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரே பக்கம் போய் விழுவார்கள். நீ இடுப்பைத் தாழ்த்தாமல் திரும்பினால் உன் எடை முழுக்க முழங்காலில் போய் விழும். இரண்டும் ஒரே சங்கதிதான். கல்லூரியில் படித்த உங்கள் கோச்சுகள் இதை மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் நம் மைதானத்தைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. நீ போன மறுநாளிலிருந்து மழை, புல் கெண்டைக்காலுக்கு வந்துவிட்டது. நீ இருந்தபோது வாரத்துக்கு இரண்டு முறை வெட்டினாயே, பாஸ்டர் அதை மறக்கவில்லை. போன ஞாயிறு சபை நடுவிலேயே உன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார்: "பிரதர் பெட்வே மாதிரி கேக்காமலே சேவை செய்யணும்." நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். நம் வீட்டு வாசல் புல்லை வெட்டச் சொல்லி நாலு வாரம் கேட்டவள் அல்லவா நான்.

லெட்பெட்டரை ரொட்டிக் கடையில் பார்த்தேன். "அவசரமில்லம்மா, செப்டம்பர்ல லேபர் டே லீவு வரைக்கும் அந்த இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். சொன்னதைச் சொல்கிறேன், வேறு உள்நோக்கம் இல்லை.

கூம்பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஆளோடு ஆள் ஓட ஆரம்பித்துவிட்டீர்களா? இடது பக்கம் எப்படி இருக்கிறது?

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. நன்றாகவே அடித்திருக்கிறேன்.

டெல்ஃபீன்


ஆகஸ்ட் 5
அறை 214

டெல்,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நீ கேட்ட இடது பக்கம்தான் இப்போது என் தலைவலி. சனிக்கிழமையிலிருந்து ஆளோடு ஆள் ஓடுகிறோம். பந்து பிடிக்க வருபவன் வலப்பக்கம் வெட்டித் திரும்பினால் அவன் சட்டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். இடப்பக்கம் வெட்டினால் அரை அடி தாமதம். அரை அடி என்றால் உனக்குத் தெரியும், அவன் பந்தோடு போய்விடுவான். மூன்று நாளில் ஏழு முறை. ஒடேரியஸ் ஒரு முறை கூட ஏமாறவில்லை. அறைக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் ஷூவைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பரிதாபம்தான் தாங்கவில்லை.

ஸ்டாண்டிஃபர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கூம்பு உன்ன ஏமாத்தாது பெட்வே. வச்ச எடத்துலயே நிக்கும். மனுஷன் அப்படியா? எங்க திரும்பணும்னு முன்னாடியே தெரிஞ்சா எங்க மாமியாகூடத் திரும்பும்."

இடப்பக்கம் திரும்ப வலது கால்தான் தரையைத் தள்ள வேண்டும், அதனால் கால்தான் என்று நினைத்தேன். டாக்டரிடம் போனேன். ஒற்றைக் காலில் குதிக்க வைத்தார், உட்கார வைத்து உதைக்கச் சொன்னார், அளந்தார். வலதும் இடதும் ஒன்றுபோல இருக்கிறதாம். "கால் சரியா இருக்குப்பா. கோளாறு வேற எங்கயோ" என்றார். கால் சரியில்லை என்று சொல்லியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும்.

நீ கை காட்டியபோது இந்தத் தாமதம் இல்லையே. சொல்லாமல் கொள்ளாமல்தானே காட்டினாய்? அங்கே இடம் வலம் எல்லாம் ஒன்றாகத்தானே திரும்பினேன்? எதிரே நின்று பார்த்தது நீ ஒருத்திதான். நன்றாக யோசித்து எழுது. முழுசாக நாலு வாரம் கூட இல்லை.

இங்கே எல்லாரும் எட்டு மணிக்குத் தூங்கிவிடுகிறார்கள், நான் ஏழரைக்கே.

ஜார்விஸ்


ஆகஸ்ட் 9
பிரிச்சர்ட்

ஜார்விஸ்,

யோசிக்க ஒன்றும் இல்லை. அடித்த இரண்டு வரி இதுதான்: நீ இடது பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் நான் உனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயால் இல்லை. இடது குதிகாலால்.

ஜனவரியில் முதன்முதலாக எந்தப் பக்கம் என்று சொல்லாமல் கை காட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? வலப்பக்கம் மூன்று முறை அழகாகத் திரும்பினாய். நாலாவது இடப்பக்கம் காட்டினேன். நீ விழவில்லை. நின்றுவிட்டாய். கால் தள்ள மறுத்துவிட்டது. அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்தாய். நான் ஓடி வந்தேன். "கிட்ட வராத" என்றாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாய்.

மூன்றாம் நாள் மறுபடி போனோம். கை தூக்கும் முன் உன் முகத்தைப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது இருந்த அதே முகம். இடப்பக்கம் காட்டுவதற்கு முன்னால் என் எடை தானாகச் சாய்ந்தது, இடது குதிகால் எழும்பியது. முதல் முறை சத்தியமாகத் தெரியாமல் நடந்தது. என் கை மேலே வருவதற்குள் நீ திரும்பி முடித்திருந்தாய், பழைய ஜார்விஸ் மாதிரி. "பாத்தியா டெல்?" என்று சிரித்தாய். பதினான்கு மாதத்துக்குப் பிறகு சிரித்தாய்.

அதற்குப் பிறகு அந்தக் குதிகாலை நான் எப்படிக் கீழே வைப்பேன், சொல். இன்னும் ஒரு வாரம், கால் தன்னைத்தானே நம்பட்டும் என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு வாரம். பஸ்ஸைத் திருப்பும் முன் விளக்குப் போடுவது என் தொழில், அந்தப் பழக்கம் சுலபமாக வந்துவிட்டது. மைதானத்தில் எதிரே வருகிறவன் எவனும் உனக்கு விளக்குப் போடமாட்டான் என்பது தெரிந்தும் செய்தேன்.

போகாதே என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் லெட்பெட்டரை இழுத்து மழுப்பினேன். மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

டெல்ஃபீன்


ஆகஸ்ட் 14

டெல்ஃபீன்,

உன் கடிதம் பயிற்சிக்கு முன் வந்தது. படித்திருக்கக் கூடாது.

ஒன்பது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். எத்தனையோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், கண்ணால், தோளால், தலையை ஆட்டி. அது அவர்கள் வேலை. வீட்டில் இருந்துகொண்டு ஆறு மாதம் ஏமாற்றியது நீ ஒருத்திதான். தொண்ணூறு பேர் முன்னால் "என் பொண்டாட்டி தயார் பண்ணினாள்" என்று பெருமையடித்தேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் இங்கே வந்து கேவலப்பட்டு, லேபர் டேக்கு முன் வீட்டுக்கு வந்து லெட்பெட்டர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும் என்றுதான் செய்தாயா?

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஜார்விஸ்


ஆகஸ்ட் 18
பிரிச்சர்ட்

ஜார்விஸ் பெட்வே,

கட்டாயம் இல்லை என்றாலும் எழுதுகிறேன். என் வாயை அடைக்கிற கடிதத்தை நீ இன்னும் எழுதவில்லை.

உன் கேள்வியை எடுத்துக்கொண்டு பஸ் கொட்டகையில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். கோபம் வந்தது, பிறகு அசதி வந்தது. பதில் இதுதான். உன்னை வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்திருந்தால் நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. குதிகாலைத் தரையில் வைத்திருந்தாலே போதும். பிப்ரவரிக்குள் நீயே "போதும் டெல், முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி, ஷூவைப் பரணில் போட்டிருப்பாய். நான் குதிகாலைத் தூக்கியதால்தான் நீ விஸ்கான்சினில் உட்கார்ந்து எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

நான் செய்தது தப்பு, அதிலிருந்து நழுவவில்லை. உனக்குக் கால் தேவையாக இருந்த நேரத்தில் சிரிப்பைக் கொடுத்தேன். ஆனால் பிடித்து வைப்பதற்காகச் செய்தேன் என்று இனி எழுதாதே. பதினோரு வருடத்தில் நீ கிளம்பும்போது எந்தப் பெட்டியை நான் ஒளித்து வைத்தேன்?

இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது. அந்த ஒடேரியஸ் பையனைக் கேள். அவன் உனக்கு விளக்குப் போடமாட்டான், அவனுக்கு உன் இடம் வேண்டும்.

பள்ளி திறந்துவிட்டது. முதல் நாளே ஒன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி என் இருக்கைக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்டது மாதிரி இருக்கிறது.

டெல்


ஆகஸ்ட் 24
அறை 214

டெல்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குதிகாலைத் தரையில் வைத்திருந்தாலே போதும் என்று எழுதியிருக்கிறாயே, அது சரிதான். பிப்ரவரிக்குள் என்று எழுதியதுகூடச் சலுகைதான், ஜனவரியிலேயே விட்டிருப்பேன். போன கடிதத்தில் எழுதியதற்கு மன்னித்துவிடு.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை ஸ்டாண்டிஃபர் என்னை வீடியோ அறைக்குக் கூப்பிட்டார். என் முகம் தெரிகிற மாதிரி எடுத்த படத்தைப் போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "எங்கய்யா பாக்குற நீ? கண்ணு பொய் சொல்லும், தோளு பொய் சொல்லும், பெல்ட்டு பொய் சொல்லாது. நீ பெல்ட்டத்தான் பாக்கணும். என்னத்துக்குக் கீழ பாக்குற? காசு கீசு விழுந்து கெடக்கா?"

உண்மைதான். படத்தில் என் கண் ஒவ்வொரு முறையும் எதிரே வருபவனின் காலுக்குப் போகிறது. ஓடி வருகிறவனுக்குக் குதிகால் எப்போதும் மேலேதான் இருக்கும். அதில் என்ன தெரியப்போகிறது? நான் உன் குதிகாலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதும் பொய், அது எப்போதும் அங்கேதான் இருந்தது. மார்ச்சில் ஒரு வாரம் மழை பெய்து புல் வளர்ந்திருந்ததே. உன் ஷூ புல்லுக்குள் மறைந்துவிட்டது. அன்று இடப்பக்கம் நான்கு முறையும் தாமதமாகத் திரும்பினேன். தரை வழுக்குகிறது என்று சொன்னேன். நீயும் ஆமாம் என்றாய். மறுநாள் காலை சர்ச்சின் வெட்டும் இயந்திரத்தைக் கேட்டு வாங்கினேன். முதலில் எங்கே வெட்டினேன் தெரியுமா? நீ நிற்கும் இடத்தைச் சுற்றி.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை. முழங்காலுக்கு நல்லது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாஸ்டர் சபையில் என்னைப் புகழ்ந்தார் என்று நீ எழுதியபோது இங்கே தனியாக உட்கார்ந்து வெட்கப்பட்டேன், ஏன் என்று யோசிக்க மறுத்தேன். டெல், நீ மட்டும் ஏமாற்றவில்லை. நீ தூக்கினாய், நான் வெட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் காலைப் பொத்திப் பொத்தி வைத்தோம்.

ஒடேரியஸிடம் கேட்டேன். நீ சொன்னது சரி, அவனுக்கு என் இடம் வேண்டும். இருந்தாலும் வந்தான். துணி துவைக்கும் அறையிலிருந்து அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அதற்குப் பின்னால் நின்றுகொண்டான். இடுப்புக்கு மேலேதான் தெரிகிறான். "சார், எனக்குக் காலே இல்லன்னு நெனச்சுக்கங்க" என்றான். முதல் நாள் பத்தில் எட்டு தப்பு. இரண்டாம் நாள் ஐந்து. இன்று மூன்று. ஒவ்வொரு முறையும் வலது கால் தரையைத் தள்ளும் முன் இந்த முறை போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். தள்ளிய பிறகு ஒன்றும் ஆகவில்லை. கால் நிற்கிறது.

வியாழன் கடைசி ஆட்டம். இரண்டாம் பாதி முழுக்க என்னை ஆட விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். களைத்துப் போயிருக்கிறேன், ஆனால் இது வேறு மாதிரிக் களைப்பு.

ஜார்விஸ்


ஆகஸ்ட் 28
பிரிச்சர்ட்

ஜார்விஸ்,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, சர்ச் ஓரமாக நிறுத்தி, மைதானத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். மார்ச்சில் நீ வெட்டிய வட்டம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என்னைச் சுற்றி மட்டும் மொட்டை அடித்திருந்தாய். ஏன் இங்கிருந்து ஆரம்பித்திருக்கிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ என் குதிகாலைப் பற்றிக் கேட்டிருப்பாய்.

பாஸ்டரிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பிரதர் பெட்வே பெயர் சபையில் நன்றாகவே இருக்கட்டும். திங்கட்கிழமை லேபர் டேக்குச் சபையார் எல்லாரும் அங்கே மீன் பொரித்துச் சாப்பிடப் போகிறார்களாம். அதற்கு முன் புல்லை வெட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

நாளை ஆட்டத்தைப் பார்ப்பேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பு. நீ விழுந்தால் இந்த முறை நான் ஓடி வர முடியாது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டெல்


ஆகஸ்ட் 31
மில்வாக்கி பஸ் நிலையம்

டெல்,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டுவந்து கையில் தருவேன். ஃபோனை எடுத்தேன், போடலாம் என்று நினைத்தேன், போடவில்லை. இந்த ஒரு மாதத்தில் நாம் பேசிக்கொண்ட மாதிரி ஃபோனில் நாம் பேசியதே இல்லை. விமானத்துக்கு டிக்கெட் தந்தார்கள். மாற்றிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன், கொஞ்சம் மெதுவாக வர வேண்டும் போலிருந்தது.

காலையில் சாம்பல் சட்டைக்காரர் வந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஜார்விஸ், கோச் கூப்பிடுறாரு" என்றார். நின்றார். நல்ல மனுஷன், ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே சலித்துப் போயிருக்கும். "பிளேபுக்கையும் எடுத்துட்டு வாங்க." ஒடேரியஸ் கட்டிலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஐந்தாவது. எழுந்து வந்து கட்டிக்கொண்டான். துணி வண்டியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டாயா என்று கேட்டேன், அப்போதுதான் அழுதான்.

ஆட்டத்தைப் பார்த்திருப்பாய். மூன்றாம் பகுதியில், எங்கள் கோட்டிலிருந்து முப்பது கஜத்தில், இடப்பக்கம் வெட்டினானே உயரமான ஒருவன். டிவியில் நான் தோற்றது மட்டும்தான் தெரிந்திருக்கும். நடந்தது என்ன என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பெல்ட்டைத்தான் பார்த்தேன். இடுப்பைத் தாழ்த்தினேன், வலது காலைத் தரையில் குத்தினேன், அவன் திரும்பிய அதே நொடியில் நானும் திரும்பினேன். அரை அடி இல்லை, கால் அடி கூடத் தாமதம் இல்லை. கால் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினோம், பத்து கஜத்துக்குள் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். சரியாகத்தான் திரும்பினேன். அவன் என்னைவிட வேகம். அவ்வளவுதான்.

ஸ்டாண்டிஃபர் கை கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஒண்ண எல்லாப் பசங்களுக்கும் படம் போட்டுக் காட்டுவேன் பெட்வே. இப்படித்தான் திரும்பணும்னு." எனக்குப் போதும் என்று சொன்னால் பொய். போதாது. ஆனால் காலைக் குறை சொல்லாமல் வருகிறேன், உன்னையும் குறை சொல்லாமல் வருகிறேன். இரண்டு வருடமாக இப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

லெட்பெட்டரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மீன் சாப்பிட அவரும் வருவார், அப்போது பார்க்கலாம். அதற்கு முன் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மறுபடி ஒரு நாள் காலையில் எதிரே வந்து நில். எதற்கும் தயார் ஆவதற்கு இல்லை, சும்மா. குதிகால் புல்லுக்குள் இருக்கட்டும், நான் உன் முகத்தைப் பார்த்துத் திரும்புகிறேன். தப்பாகத்தான் திரும்புவேன், நீ சிரிக்கலாம்.

பாஸ்டர் அதற்குள் புல்லை வெட்டியிருந்தால் பரவாயில்லை. வளரட்டும். நான் எங்கும் போகப்போவதில்லை.

ஜார்விஸ்